உங்க புறநகர் தொகுதியோட தேர்தல் வரலாற நீங்களே தோண்டி எடுக்குறது எப்படி: ஆலந்தூர வச்சு ஒரு செய்முறை

எலக்‌ஷன் வந்தா போதும், "எங்க தொகுதி ராசியான தொகுதிங்க, இங்க யார் ஜெயிக்கிறாங்களோ அவங்கதான் கோட்டைக்குப் போவாங்க"னு டீக்கடைல இருந்து டிவி டிபேட் வரைக்கும் யாராவது ஒருத்தர் சொல்லிருவார். அவர்கிட்ட எந்த வருஷத்துல இருந்து சொல்றீங்க, எந்த எல்லைய வச்சு சொல்றீங்கனு மட்டும் கேட்டுப் பாருங்க, பேச்சு அங்கயே நின்னுரும். சிட்டிக்கு உள்ள இருக்குற பழைய தொகுதில கூட இது ஓரளவு சமாளிச்சுரும், ஆனா தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர், அம்பத்தூர், ஆவடி, சோழிங்கநல்லூர்னு சென்னைய சுத்தி இருக்குற தொகுதிங்கள்ல சுத்தமா ஒத்து வராது, ஏன்னா பேரு மட்டும் அப்படியே இருக்கும், உள்ள இருக்குற நிலமும் ஜனமும் மாறிக்கிட்டே இருக்கும். அதனால புறநகர் தொகுதி வரலாறு எழுத உக்காந்தா முதல்ல எல்லைய எடுங்க, ஓட்டு எண்ணிக்கை அப்புறம். நிறைய பேர் இத உல்டாவா பண்றதாலதான் குழப்பம்.

உதாரணத்துக்கு ஆலந்தூர எடுத்துக்கிறேன். 2021 தேர்தல் வரைக்கும் பாக்கலாம். நீங்க உங்க தொகுதிக்கு இதே மாதிரி பண்ணிக்கலாம்.

ஒரு எக்செல் ஷீட்டோ கூகுள் ஷீட்டோ திறந்துக்கோங்க. முதல் நெடுவரிசை (காலம்) வருஷம். ரெண்டாவது நெடுவரிசைல கட்சி பேரப் போடாதீங்க, "எல்லை"னு போடுங்க. தமிழ்நாட்டுல 1967ல இருந்து 234 தொகுதிதான், அந்த எண்ணிக்கை மாறவே இல்ல, ஆனா உள்ள போட்ட கோடு ரெண்டு தடவ பெருசா மாறிருக்கு. 1967, 1971 ரெண்டு தேர்தலும் ஒரு எல்லை. அப்புறம் 1971 சென்சஸ வச்சு 1976ல வந்த தொகுதி மறுசீரமைப்பு ஆணைப்படி 1977ல இருந்து 2006 வரைக்கும் ஒரே எல்லை. 2001 சென்சஸ வச்சு 2008ல வந்த ஆணை, அது சட்டமன்றத்துக்கு 2011ல இருந்து நடைமுறை. ஷீட்ல இத எ1, எ2, எ3னு குறிச்சுக்கோங்க. 1952, 57, 62 வேணும்னா அது தனிக் கதை, அப்ப மொத்த தொகுதி எண்ணிக்கையே வேற, முதல் ரெண்டு தேர்தல்ல இரட்டை உறுப்பினர் தொகுதி எல்லாம் உண்டு, ஒரே தொகுதில ரெண்டு எம்எல்ஏ. முதல் தடவ பண்றவங்க 1967ல ஆரம்பிச்சா போதும்.

இதுல நடுவுல இருக்குற எ2வ நல்லா கவனிங்க. 1977ல இருந்து 2006 வரைக்கும் எட்டு பொதுத்தேர்தல், கிட்டத்தட்ட முப்பது வருஷம், ஒரே கோடு. அந்த முப்பது வருஷத்துல சென்னைக்கு வெளிய என்ன நடந்துச்சுனு சொல்லவே வேணாம், ஏரியும் வயலும் பிளாட் ஆச்சு, பிளாட்ல அபார்ட்மென்ட் வந்துச்சு, தொகுதி மட்டும் அப்படியே நின்னுச்சு. தாம்பரம், வில்லிவாக்கம் எல்லாம் வாக்காளர் எண்ணிக்கைல ஊதிப் போய்க் கிடந்துச்சு. அதனாலதான் 2011ல பல்லாவரம், சோழிங்கநல்லூர், வேளச்சேரி, மதுரவாயல், அம்பத்தூர், மாதவரம், ஆவடினு ஒரு வரிசையே புதுசா முளைச்சுது, அந்தப் பக்கம் சிட்டிக்குள்ள பூங்காநகர், புரசைவாக்கம் மாதிரி தொகுதிங்க காணாமப் போச்சு. அப்பவும் வேகம் பத்தல. 2021ல மாநிலத்துலயே பெரிய தொகுதி சோழிங்கநல்லூர், வாக்காளர் ஏழு லட்சத்த நெருங்கிருச்சு, அதே சென்னைல துறைமுகம் தொகுதில ரெண்டு லட்சம் கூட இல்ல. ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்எல்ஏதான்.

இப்ப ஆலந்தூருக்கு வருவோம். "ஆலந்தூர் 1967"னு தேடினீங்கனா ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா அந்தப் பேர்ல தொகுதியே அப்ப இல்ல. எ1 காலத்துல அந்தப் பக்கத்துக்குப் பேரு பரங்கிமலை. ஆமா, எம்ஜிஆர் முதல் தடவ எம்எல்ஏ ஆன அதே பரங்கிமலை. 1967 ஜனவரி 12ம் தேதி எம்.ஆர்.ராதா சுட்டது, கழுத்துல கட்டோட ஆஸ்பத்திரில இருக்குற போட்டோ போஸ்டர் ஆனது, படுக்கைல இருந்தபடியே ஜெயிச்சது எல்லாம் இந்தத் தொகுதிலதான். 1971லயும் அவர் திமுக வேட்பாளரா அங்கயே ஜெயிச்சார். 1977ல தொகுதி மறுசீரமைப்புல பரங்கிமலைங்கற பேர் போய் ஆலந்தூர் வந்துச்சு, எம்ஜிஆரும் அருப்புக்கோட்டைக்குப் போயிட்டார். அதனால யாராவது "ஆலந்தூர் எம்ஜிஆர் தொகுதி"னு சொன்னா பாதி சரி, பாதி தப்பு. ஷீட்ல பரங்கிமலை ரெண்டு வரியும் ஆலந்தூர் வரிகளும் இருக்கட்டும், நடுவுல ஒரு தடிமனான கோடு போட்டுருங்க.

எல்லைய எங்க எடுக்குறது? தேர்தல் ஆணையத்தோட வெப்சைட்ல தொகுதி மறுசீரமைப்பு ஆணை பிடிஎஃப் இருக்கும். அதுல ஒவ்வொரு தொகுதிக்கும் கீழ தாலுகா, நகராட்சி, பேரூராட்சி, கிராமம்னு பட்டியல் போட்டிருப்பாங்க. படிக்க எரிச்சலா இருக்கும், ஆனா அந்த ஒரு பாரால உங்க தொகுதியோட முழு குணமும் இருக்கு. 2008 ஆணைல ஆலந்தூர் தொகுதியப் பாத்தீங்கனா பழைய ஆலந்தூர் நகராட்சியோட ஸ்ரீபெரும்புதூர் தாலுகா பக்கத்துல இருந்து முகலிவாக்கம், மணப்பாக்கம், மௌலிவாக்கம், கெருகம்பாக்கம் மாதிரி ஊர்களும் வரும். ஒரு பக்கம் மெட்ரோ, கன்டோன்மென்ட் ஏரியா, நாலு தலைமுறையா இருக்குற குடும்பங்க. இன்னொரு பக்கம் போன பதினஞ்சு இருபது வருஷத்துல வந்த அபார்ட்மென்ட், ஐடி ஆளுங்க, வாடகைக்கு வந்தவங்க. இந்த ரெண்டையும் ஒண்ணா கூட்டி "ஆலந்தூர் மக்கள் மனநிலை"னு ஒரு வாக்கியம் எழுதுறது ரொம்ப சுலபம், எழுதாதீங்க.

அந்தப் பட்டியல்ல வர்ற ஊர்ப்பேர எல்லாம் ஒரு மேப்ல குத்தி வச்சுக்கோங்க. 1976 ஆணையையும் எடுத்து அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த ஊர் எங்க போச்சுனு தெரிஞ்சுரும். இது ஒரு சாயங்கால வேலை, ஆனா இத பண்ணிட்டீங்கனா டிவில பேசுற பாதிப் பேர விட உங்களுக்கு உங்க தொகுதி நல்லாத் தெரியும்.

தொகுதி நம்பர நம்பாதீங்க. இப்ப ஆலந்தூர் 28ம் நம்பர், ஆனா அது 2008க்கு அப்புறம் வந்த நம்பர். பழைய வரிசைல 1ம் நம்பர் ராயபுரம், இப்ப 1ம் நம்பர் கும்மிடிப்பூண்டி. நம்பர வச்சு ரெண்டு ஃபைல சேத்தீங்கனா கும்மிடிப்பூண்டி ஓட்டு ராயபுரத்துல போய் உக்காந்துக்கும்.

மாவட்டமும் இப்படித்தான் காலை வாரும். புறநகர்ல இது இன்னும் மோசம். 1997 வரைக்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டம், அப்புறம் காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிஞ்சுது, 2018ல ஆலந்தூர், சோழிங்கநல்லூர், அம்பத்தூர் தாலுகா எல்லாம் சென்னை மாவட்டத்துக்கு வந்துச்சு, 2019ல செங்கல்பட்டு திரும்ப தனி மாவட்டம் ஆச்சு. ஆனா தேர்தல் நிர்வாகம் இதோட சேர்ந்து நகரல. 2021ல ஆலந்தூர் தொகுதி காஞ்சிபுரம் மாவட்டக் கணக்குல, சோழிங்கநல்லூர் செங்கல்பட்டு கணக்குல. வீட்டு அட்ரஸ்ல சென்னை, தேர்தல்ல காஞ்சிபுரம். அதனால "சென்னைல 59 சதவீதம்தான் ஓட்டுப்பதிவு"னு 2021 நியூஸ்ல வந்தது சிட்டிக்குள்ள இருக்குற 16 தொகுதிய மட்டும் பத்தி, உங்க ஆலந்தூரோ தாம்பரமோ அதுல இல்ல. இந்த மாதிரி மாவட்ட சராசரிய எடுத்து உங்க தொகுதிக்குப் பக்கத்துல வைக்காதீங்க.

சரி, இப்ப ஓட்டு. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் தேர்தல் ஆணையம் ஸ்டாட்டிஸ்டிகல் ரிப்போர்ட்னு ஒரு பெரிய பிடிஎஃப் போட்டிருக்கு, முதல் தேர்தல்ல இருந்து இருக்கு. தேடுறப்ப ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. 1967 வரைக்கும் மாநிலத்தோட பேர் மெட்ராஸ், தமிழ்நாடுனு தேடினா 1971ல இருந்துதான் வரும். 1952 தேர்தல் 1951னு இருக்கும். உள்ள போனா தொகுதிவாரியா வேட்பாளர், கட்சி, வாங்குன ஓட்டு, சதவீதம், மொத்த வாக்காளர், பதிவான ஓட்டு எல்லாம் இருக்கும். கைல டைப் அடிக்க சோம்பலா இருந்தா அசோகா யுனிவர்சிட்டியோட திரிவேதி சென்டர் "லோக் தாபா"னு ஒரு டேட்டாபேஸ் வச்சிருக்காங்க, ரெடிமேடா டவுன்லோட் பண்ணிக்கலாம். என்னைக் கேட்டா ஒரே ஒரு தொகுதிக்கு கைலயே அடிங்க, பதிமூணு தேர்தல்தான், அடிக்கிறப்பவே பாதி விஷயம் கண்ணுல படும்.

கட்சிச் சுருக்கப் பேர்தான் பெரிய தலைவலி. 1977 ரிப்போர்ட்ல அதிமுக "ஏடிகே"னு இருக்கும், பின்னால "ஏடிஎம்கே", அப்புறம் "ஏஐஏடிஎம்கே". 1989ல கட்சி உடைஞ்சிருந்துச்சு, ஜெயலலிதா அணி சேவல், ஜானகி அணி இரட்டைப் புறா, ரிப்போர்ட்ல ஜேஎல், ஜேஆர்னு ரெண்டு தனிக் கட்சியா இருக்கும். அந்த வருஷ அதிமுக ஓட்டு என்னனு கேட்டா ரெண்டையும் கூட்டணுமா வேணாமானு நீங்கதான் முடிவு பண்ணணும், எப்படிப் பண்ணாலும் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதிருங்க. காங்கிரஸ் இன்னும் மோசம். 1971ல தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல்ல இந்திரா காங்கிரஸ் போட்டியே போடல, திமுகவோட உடன்பாடு, லோக்சபா சீட்டோட நிறுத்திக்கிட்டாங்க. அப்ப களத்துல நின்னது காமராஜரோட பழைய காங்கிரஸ், ரிப்போர்ட்ல "என்சிஓ". இதத் தெரியாம 1967 காங்கிரஸையும் 1971 காங்கிரஸையும் ஒரே கலர்ல கிராஃப் போட்டா அர்த்தமே இருக்காது. 1996ல காங்கிரஸ்ல இருந்து பிரிஞ்ச மூப்பனாரோட தமாகா சைக்கிள் சின்னத்துல வந்துச்சு, அதையும் தனியா வைங்க.

இன்னொண்ணு, ரிப்போர்ட்ல இருக்குறது ஜெயிச்ச அன்னிக்கு இருந்த கட்சி. எம்ஜிஆர் 1971ல பரங்கிமலைல திமுக. 1972 அக்டோபர்ல அதிமுக ஆரம்பிச்சுட்டார். அப்ப அந்த சட்டமன்றம் 1976 ஜனவரில கலைக்கப்படுற வரைக்கும் பரங்கிமலை எந்தக் கட்சி தொகுதி? ரிப்போர்ட்டக் கேட்டா திமுகனுதான் சொல்லும். ஷீட்ல "பதவிக்காலத்துல நடந்தது"னு ஒரு நெடுவரிசை சேத்துக்கோங்க, கட்சி மாறுனது, ராஜினாமா, இறப்பு, இடைத்தேர்தல் எல்லாம் அதுல.

அந்த நெடுவரிசை இல்லனா ஆலந்தூரோட ருசியான பகுதியே விட்டுப் போகும். 2011ல அங்க ஜெயிச்சது தேமுதிகவோட பண்ருட்டி ராமச்சந்திரன். முரசு சின்னம், ஆனா அதிமுக கூட்டணி. எதிர்த்து நின்னது திமுக கூட்டணில காங்கிரஸ். அதாவது அந்தத் தேர்தல்ல ஆலந்தூர் மெஷின்ல ரெட்டை இலையும் இல்ல, உதயசூரியனும் இல்ல. கட்சிவாரியா கிராஃப் போட்டீங்கனா 2006ல அன்பரசன் ஜெயிச்ச திமுகவும், 2001ல வளர்மதி ஜெயிச்ச அதிமுகவும் 2011ல ஜீரோவுக்கு விழுந்த மாதிரி காட்டும். ரெண்டு பெரிய கட்சியோட ஓட்டும் எங்கயும் போகல, கூட்டணிக்குள்ள இருந்துச்சு. அதனால தமிழ்நாட்டுல எந்தத் தொகுதிக்கும் கட்சி நெடுவரிசைக்குப் பக்கத்துல "அணி" நெடுவரிசை கட்டாயம். திமுக அணி, அதிமுக அணி, மத்தவங்க, அவ்வளவுதான், ஆனா ஒவ்வொரு வருஷமும் யார் யார் எந்த அணினு பேப்பர் பாத்து எழுதணும்.

கதை அங்க முடியல. பண்ருட்டியார் 2013 டிசம்பர்ல கட்சியையும் எம்எல்ஏ பதவியையும் விட்டார். 2014 ஏப்ரல் 24, லோக்சபா தேர்தல் அன்னிக்கே ஆலந்தூருக்கு இடைத்தேர்தல். அதிமுகவோட வி.என்.பி.வெங்கட்ராமன் ஜெயிச்சார், திமுக சார்பா நின்னது ஆர்.எஸ்.பாரதி, பத்திரிகையாளர் ஞாநி ஆம் ஆத்மி வேட்பாளரா நின்னதும் இந்தத் தேர்தல்தான். இது எதுவுமே பொதுத்தேர்தல் ஸ்டாட்டிஸ்டிகல் ரிப்போர்ட்ல வராது. இடைத்தேர்தல தனியாத் தேடணும், தேடலனா 2011ல தேமுதிக, 2016ல திமுகனு நேரா தாவி, நடுவுல ரெண்டு வருஷம் அதிமுக எம்எல்ஏ இருந்ததே தெரியாமப் போயிரும். 2016ல பாருங்க, அதே பண்ருட்டி ராமச்சந்திரன் அதே ஆலந்தூர்ல இந்தத் தடவ ரெட்டை இலைல நின்னு திமுகவோட தா.மோ.அன்பரசன்கிட்ட தோத்தார். 2021ல அன்பரசன எதிர்த்து நின்னது 2001ல அங்க ஜெயிச்ச பா.வளர்மதி. ஆளுங்க சுத்திச் சுத்தி வர்றத பாத்தா சின்ன ஊர் மாதிரி இருக்கும். (பண்ருட்டினு கூகுள்ல போட்டா கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி தொகுதிதான் முதல்ல வரும், பேர முழுசா போட்டுத் தேடுங்க.)

ஆர்.எஸ்.பாரதி விஷயத்துல இன்னொரு பாடம் இருக்கு. அவர் ஆலந்தூர் நகராட்சித் தலைவரா இருந்தப்பதான் மக்கள்கிட்டயே வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் டெபாசிட் வாங்கி பாதாள சாக்கடை கொண்டு வந்தாங்க, அந்தத் திட்டத்த நகர்ப்புற நிர்வாகம் படிக்கிறவங்க இன்னிக்கும் உதாரணமா எடுக்குறாங்க. அப்புறம் ஏன் 2014ல தோத்தார்னு கேட்டு, மக்கள் நன்றி மறந்துட்டாங்கனு ஒரு பதிவு போடத் தோணும். போடாதீங்க. அன்னிக்குத் தமிழ்நாட்டுல 39 லோக்சபா சீட்ல 37 அதிமுகவுக்குப் போச்சு, ஆலந்தூர் மட்டும் தனியா வேற எதையும் சொல்லல. ஒரு தொகுதி ரிசல்ட்டுக்குக் காரணம் எழுதுறதுக்கு முன்னாடி அதே தேர்தல்ல பக்கத்துத் தொகுதிங்க என்ன பண்ணுச்சுனு பாருங்க, மாநிலம் முழுக்க என்ன நடந்துச்சுனு பாருங்க. எல்லாமே ஒரே பக்கம் போயிருந்தா அது அலை, உங்க தொகுதிக்குனு தனிக் காரணம் தேட வேணாம். பக்கத்துத் தொகுதிய விட உங்களது எவ்வளவு விலகிப் போச்சோ, அந்த வித்தியாசத்துக்குத்தான் காரணம் தேடணும்.

இப்ப அந்த ராசிக் கதைய சோதிச்சுப் பாத்துரலாம். ஆலந்தூர்ல 1989 திமுக, 1991 அதிமுக, 1996 திமுக, 2001 அதிமுக, 2006 திமுக, 2011 அதிமுக அணி. ஆறு தேர்தலும் கோட்டையோட ஒத்துப் போகுது. ராசிக்காரருக்கு இது போதும். ஆனா ஷீட்ல ஒரு வரி மேல போங்க, 1984ல மாநிலம் அதிமுக, ஆலந்தூர் திமுக. கீழ வாங்க, 2016ல மாநிலம் திரும்ப அதிமுக, ஆலந்தூர் திமுக. ராசி உடைஞ்ச ரெண்டு தடவையும் ஒரே திசைல உடைஞ்சிருக்கு, அதாவது மாநிலம் அதிமுக பக்கம் போனப்ப இது போகல. அந்த ரெண்டு தேர்தல்லயும் சென்னையச் சுத்தி மத்த தொகுதிங்க என்ன பண்ணுச்சுனு போய்ப் பாக்குறதுதான் அடுத்த வேலை, ராசி பேச்ச விட அதுல விஷயம் அதிகம்.

வித்தியாசத்த எண்ணிக்கைல பாக்காதீங்க, சதவீதத்துல பாருங்க. 1967 பரங்கிமலைல எம்ஜிஆர் 54,106, எதிர்த்து நின்ன காங்கிரஸோட டி.எல்.ரகுபதி 26,432, வித்தியாசம் 27,674. 2021 ஆலந்தூர்ல அன்பரசன் 1,16,785, வளர்மதி 76,214, வித்தியாசம் 40,571. சும்மா பாத்தா 2021தான் பெரிய வெற்றி. முதல் ரெண்டு பேர் ஓட்ட மட்டும் கூட்டி அதுல வித்தியாசம் எத்தன பங்குனு பாருங்க, 1967ல 80,538ல 27,674, அது 34 சதவீதம். 2021ல 1,92,999ல 40,571, அது 21 சதவீதம். தொகுதி ஊதுன ஊதல்ல எண்ணிக்கை தானா பெருசாத் தெரியுது. புறநகர்ல "வரலாறு காணாத வாக்கு வித்தியாசம்"னு போஸ்டர் பாத்தா முதல்ல கால்குலேட்டர எடுங்க.

ஓட்டுப்பதிவு சதவீதத்துலயும் இதே மாதிரி ஒரு பொறி. புறநகர்ல சதவீதம் கம்மியா இருந்தா படிச்சவங்க சோம்பேறி, ஐடிக்காரங்க லீவு போட்டு மகாபலிபுரம் போயிட்டாங்கனு திட்டுறது வழக்கம். கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனா கீழ வகுக்குற எண்ணப் பாருங்க. சொந்த ஊர்ல ஒரு பேர், இங்க ஒரு பேர், வாடகை வீடு காலி பண்ணிட்டுப் போனவங்க பேர் பழைய தெருவுல, இறந்தவங்க பேர்னு பட்டியல் வீங்கி இருந்தா ஓட்டுப் போட்டவங்க அதே அளவு இருந்தாலும் சதவீதம் இறங்கும். 2025 கடைசில நடந்த எஸ்ஐஆர்ல (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வரைவுப் பட்டியல்ல இருந்து மாநிலம் முழுக்க 90 லட்சத்துக்கும் மேல பேர் நீங்குச்சு, சென்னை பக்கம் ரொம்பவே அதிகம். அதனால அதுக்கு முந்தின சதவீதத்தையும் பிந்தின சதவீதத்தையும் ஒரே கோட்டுல இழுக்காதீங்க. சதவீதத்தோட பதிவான மொத்த ஓட்டையும் எப்பவும் சேத்து எழுதுங்க.

அந்த எஸ்ஐஆரால ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு லாபமும் வந்துச்சு. 2002, 2005 பழைய வாக்காளர் பட்டியல தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல ஏத்துனாங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பக்கத்துல பூத் எந்த ஸ்கூல், எந்தெந்தத் தெரு அதுல வருதுனு எழுதிருக்கும். எ2 காலத்துல உங்க தெரு எந்தத் தொகுதில இருந்துச்சுனு உறுதியாத் தெரிய இத விட நல்ல ஆதாரம் கிடையாது. சில ஃபைல்ல பழைய தமிழ் ஃபான்ட், காப்பி பண்ணினா கிறுக்கலா வரும், கண்ணால படிச்சுக்க வேண்டியதுதான்.

பூத் வாரியா வேணும்னா படிவம் 20. தொகுதில ஒவ்வொரு பூத்துலயும் யாருக்கு எத்தன ஓட்டு, நோட்டா எத்தனனு வரிசையா இருக்கும், தபால் ஓட்டு கடைசில தனியா. சமீப தேர்தலுக்கு எல்லாம் அதே தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல கிடைக்கும், பெரும்பாலும் ஸ்கேன் காப்பி. ரொம்பப் பின்னால போக முடியாது. தமிழ்நாட்டுல 2001ல இருந்துதான் எல்லாத் தொகுதிலயும் மெஷின், அதுக்கு முன்னாடி சீட்டு, பல பூத் சீட்டக் கலந்து எண்ணுற வழக்கமும் இருந்துச்சு, அதனால 1989ல எங்க தெரு பூத்துல இத்தன லீடுனு யாராவது அடிச்சுச் சொன்னா சிரிச்சுட்டுக் கேட்டுக்கோங்க.

படிவம் 20ல ஆலந்தூர் மாதிரி தொகுதிக்கு நான் சொல்றது, பூத்த ரெண்டு கூடையாப் பிரிங்க, பழைய நகராட்சிப் பகுதி ஒண்ணு, முகலிவாக்கம் மணப்பாக்கம் பக்கம் சேர்ந்த பகுதி ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியா கூட்டுங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுதா, மூணாவது நாலாவது கட்சிங்க எந்தக் கூடைல அதிகம் வாங்குது, நோட்டா எங்க அதிகம்னு பாருங்க. தொகுதியோட நிஜமான கதை இங்கதான் இருக்கு. ஆனா 2016 பூத் நம்பரையும் 2021 பூத் நம்பரையும் நேரா ஜோடி போட முடியாது, கொரோனாவால 2021ல ஆயிரம் பேருக்கு மேல இருந்த பூத்த எல்லாம் பிரிச்சு துணை பூத் போட்டாங்க. நம்பர விட்டுட்டு ஸ்கூல் பேர வச்சு சேருங்க. மறு வாக்குப்பதிவு நடந்த பூத் இருந்தா தனியா குறிச்சு வைங்க, வேளச்சேரில 2021ல மெஷின ஸ்கூட்டர்ல எடுத்துட்டுப் போன விவகாரத்துல 92ம் நம்பர் பூத்துக்கு ஏப்ரல் 17ம் தேதி திரும்ப நடந்த மாதிரி.

லோக்சபா ரிசல்ட்டையும் சட்டமன்றத் தொகுதிவாரியா பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க, அதையும் ஷீட்ல தனி கலர்ல ஏத்துங்க, நடுநடுவுல கூடுதலா புள்ளி கிடைக்கும். இங்கயும் எல்லைதான் விளையாடும். 2008க்கு முன்னாடி ஆலந்தூரும் தாம்பரமும் தென் சென்னை லோக்சபாவுல, அப்புறம் ரெண்டும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போச்சு. தென் சென்னை எம்பியா இருந்த டி.ஆர்.பாலுவும் 2009ல ஸ்ரீபெரும்புதூருக்கு மாறிட்டார். தொகுதி மாறியும் எம்பி மாறாத விசித்திரம். உள்ளாட்சித் தேர்தலையும் சேக்கலாம், ஆலந்தூர் நகராட்சி 2011ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்து இப்ப 12வது மண்டலம், வார்டு 156ல இருந்து 167. ஆனா வார்டு எல்லையும் தொகுதி எல்லையும் முழுசாப் பொருந்தாது, உள்ளாட்சில ஆளப் பாத்துப் போடுறதும் அதிகம், அதனால அத பக்கத்துல வச்சுப் பாக்கலாம், கூட்டக் கூடாது.

கூட்டணி விவரம், வேட்பாளர் தகராறு, கடைசி நேர வாபஸ் இதெல்லாம் பழைய பேப்பர்லதான் கிடைக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் ரெண்டும் போக வேண்டிய இடம். போறதுக்கு முன்னாடி எந்த வாரம் வேணும்னு எழுதிட்டுப் போங்க, தேர்தலுக்கு முந்தின ரெண்டு வாரமும் எண்ணிக்கைக்கு அடுத்த ரெண்டு நாளும் பாத்தா முக்கால்வாசி வந்துரும். சும்மா புரட்ட ஆரம்பிச்சா சினிமா விளம்பரத்துலயே பொழுது போயிரும்.

கடைசியா ஆளுங்க. பழைய பூத் ஏஜென்ட், வட்டச் செயலாளரா இருந்தவங்க, எண்ணுற இடத்துல உக்காந்தவங்க, ஒவ்வொரு புறநகர்லயும் எல்லாக் கட்சிலயும் நாலு பேர் இருப்பாங்க. அவங்ககிட்ட யாரு ஏன் ஜெயிச்சானு கேக்காதீங்க, கட்சிக்கு ஏத்த மாதிரிதான் பதில் வரும். "அண்ணே, அப்ப பூத் எங்க இருந்துச்சு, இந்த நகர் எல்லாம் எந்த வருஷம் குடி வந்துச்சு, ஓட்டுக் கேக்க எந்தத் தெரு வரைக்கும் போவீங்க, எதுக்கு அப்புறம் வயக்காடு"னு கேளுங்க. அப்படிக் கேட்டா ரெண்டு கட்சிக்காரரும் ஒரே பதிலத்தான் சொல்லுவாங்க, உங்க மேப்ல 1976 கோட்டுக்குள்ள எங்க வீடு இருந்துச்சு, எங்க காலியாக் கிடந்துச்சுனு அந்தப் பதில வச்சுதான் நிரப்ப முடியும்.